கிலோமீட்டருக்கு 9 நிமிடத்தில் ஓடுகிறவர்கள் இங்கே யாரேனும் உண்டா?

கடற்கரைக் காலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. அடையாற்றில் வசிக்கிறேன், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டரை ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி ஓடி வருகிறேன். என் வேகம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 நிமிடம். ஐந்து கிலோமீட்டர் முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்று சொன்னால், நான் எந்த வகை என்பது ஓடுகிறவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

இந்த வேகம் எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. வேளாங்கண்ணி மாதா கோயில் பக்கத்திலிருந்து ஐந்தேகால் மணிக்குத் தொடங்கினால், கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி ஊரூர் குப்பத்தை நெருங்கும்போது கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருக்கும். அங்கே படகு நிழலில் உட்கார்ந்து, வலையில் மாட்டிய நண்டின் கால் ஒடியாமல் ஒவ்வொரு முடிச்சாகத் தளர்த்தி எடுக்கும் பெரியவர் ஒருவரை நான் பார்க்காத நாள் குறைவு. மண்டபத்தருகே படுத்திருக்கும் பழுப்பு நாய் ஒன்று எழுந்து சோம்பல் முறித்துவிட்டுக் கொஞ்ச தூரம் கூட வரும். வேகமாக ஓடுகிறவர்களை அது நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதற்கும் என் வேகம்தான் தோதாக இருந்தது போலும்.

ஆறு மாதங்களுக்கு முன்பு ஓர் ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஓடி முடித்ததும் அவரவர் கைக்கடிகாரத் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள், 5.40, 6.10, 6.25 என்று வரிசையாக வரும் எண்களுக்குக் கீழே என்னுடைய 9.04-ஐப் போடக் கூச்சமாக இருந்தது. போன மாதம் ஒருங்கிணைப்பாளர், “மேடம், நீங்க வாக்கிங் குரூப்ல சேர்ந்துக்கலாமே, உங்களுக்கும் ஃப்ரீயா இருக்கும்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று வீட்டுக்கு வந்து குளித்துச் சமைத்து அலுவலகம் போகும் வரை அந்த ஒரு வாக்கியம் கூடவே வந்தது.

அடுத்த மூன்று வாரம் வீம்புக்கு ஏழரை நிமிட வேகத்தில் ஓடிப் பார்த்தேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு இரைத்து நின்றுவிடுகிறேன். வலது முழங்கால் படியிறங்கும்போது முணுமுணுக்கிறது. எல்லாவற்றையும்விட, காலையில் அலாரம் அடிக்கும்போது போக வேண்டுமே என்று இருக்கிறது. அந்தப் பெரியவர் இப்போது வருகிறாரா, நாய் அங்கேதான் படுத்திருக்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் நான் பார்ப்பதெல்லாம் மணிக்கட்டை மட்டுமே.

என் வேகத்தில் ஓடுவதற்கு ஓட்டம் என்ற பெயர் பொருந்துமா, அதனால் உடலுக்கு உண்மையாகவே பயன் உண்டா, அல்லது இரண்டரை ஆண்டுகளாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா? இதையெல்லாம் விட, தொலைந்துபோன அந்தப் பழைய மகிழ்ச்சியை மீட்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விசில்

அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். உங்கள் முதல் கேள்விக்கு உடலின் இயக்கமே பதில் வைத்திருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. நடக்கும்போது ஊன்றிய கால் ஏறக்குறைய விறைப்பாக நிற்க, உடல் அதன் மேலேறி மறுபக்கம் இறங்குகிறது. ஆகவே கால் நேராக நிற்கும் நடுக்கட்டத்தில் இடுப்பு உயரத்தில் இருக்கும். ஓடும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறானது. அதே நடுக்கட்டத்தில் முழங்கால் மடிந்து, உடல் தாழ்ந்து, சுருள்வில்லைப் போல அழுந்தி, பிறகு மேலே எழும்புகிறது. குதிகால் நாண் அந்த அழுத்தத்தைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. நீங்கள் மணிக்கு ஆறரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகிறீர்கள். பெரும்பாலான மனிதர்கள் இயல்பாக நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவது மணிக்கு ஏழு கிலோமீட்டரை ஒட்டித்தான். அதாவது, வேகமாக நடந்தே போகக்கூடிய ஒரு வேகத்தில் நீங்கள் ஓடுகிறீர்கள். இந்த வேக எல்லைக்குக் கீழே நடப்பதைக் காட்டிலும் ஓடுவதற்குத்தான் உடல் கூடுதலாக ஆற்றல் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உங்களை ஒருவர் நடந்தபடியே முந்திச் சென்றாலும் நீங்கள் செய்வது ஓட்டம்தான். கூடவே அவரைவிட அதிக வேலையும் செய்கிறீர்கள்.

பயனைப் பற்றிக் கேட்டீர்கள். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்போது, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு நாளடைவில் கூடுகிறது. தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பல்குகின்றன. கொழுப்பை எரித்து ஓடும் திறன் வளர்கிறது. இவையெல்லாம் மூச்சு வாங்க ஓடினால்தான் கிடைக்கும் என்ற எண்ணம் எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பலரிடம் இருந்தது; என்னிடமும் இருந்தது. கடைசியாக வரும் பிள்ளையை “ஆமை” என்று அழைத்து மைதானத்தை இன்னொரு சுற்று சுற்றவிட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தோடு ஓட்டத்துக்கே முழுக்குப் போட்டார்களோ என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் முழங்கால் முணுமுணுப்பதற்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதிய வேகத்துக்குப் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழகுவதற்குப் பல மாதங்கள் ஆகும். ஒன்பதிலிருந்து ஏழரைக்கு ஒரே தாவாகத் தாவினால் அவை எதிர்ப்புத் தெரிவிக்கத்தான் செய்யும். பழைய வேகத்துக்குத் திரும்பிய பிறகும் இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, சென்னையின் காற்று. மே மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே 28 டிகிரி இருக்கும். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாமல் வெறுமனே வழிந்துகொண்டிருக்கும். உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், மார்கழியில் எளிதாக இருந்த அதே வேகம் கத்திரியில் கடினமாகிறது. குளிர்ப்பிரதேசத்தில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையின் எண்களை வைத்துக்கொண்டு இங்கே ஒருவர் தம்மை எடைபோடுவது சரியான தராசு அல்ல.

கிழக்குக் கரை பூங்கா

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். விசில் ஐயா அறிவியலைச் சொல்லிவிட்டார். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

இங்கே கிழக்குக் கரைப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் காலையில் பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. கட்டணம் கிடையாது, ஓடலாம், நடக்கலாம். இது 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளுக்குப் பரவிய ஏற்பாடு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வால்நடையர் என்று நான் பெயர் வைத்திருக்கும் தன்னார்வலரின் வேலை. அவர் எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே நியமிக்கப்பட்டவர். அவர்தான் கடைசி ஆள் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டதால், பங்கேற்பவர் எவருக்கும் கடைசி இடம் கிடைக்கவே கிடைக்காது. கேட்பதற்குச் சிறிய தந்திரமாகத் தோன்றும். ஆனால் முதல் நாள் மிரண்டுபோய் வந்த என் மனைவி, பின்னால் இன்னும் ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டு வருகிறார் என்று தெரிந்ததும் தோள்களைத் தளர்த்திக்கொண்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

2024-இல் அந்த அமைப்பு தன் இணையதளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களை நீக்கியபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. வேகமாக ஓடுகிறவர்களுக்கு அது மனவருத்தம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பட்டியல் ஒன்று கண்முன் இருந்தால் மனிதன் அதில் தன் பெயரைத் தேடாமல் இருப்பதில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவும் அப்படியொரு பட்டியல்தான், சகோதரி. குழுவை விட்டு விலக மனமில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதன் ஒலியை அடக்கி வையுங்கள்.

ரேஸ்கோர்ஸ் சுற்று

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் தேன் தடவிப் பேசுகிறீர்கள்; நான் கொஞ்சம் மிளகு தூவுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மெதுவாக ஓடுவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்டீபன் சைலர் என்ற உடற்செயலியல் ஆய்வாளர், உலகத் தரத்து நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் நூற்றுக்கு எண்பது அளவுக்கு எளிதான வேகத்தில்தான் நடக்கின்றன என்று காட்டியிருக்கிறார். அது தெரியாமல் நான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தினமும் நேற்றைய என்னை முந்திக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் ஓட்டம் இல்லை. ரேஸ்கோர்ஸ் சாலையின் கல் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைவிட மெதுவாக ஓடுகிறவர்கள் எல்லோரும் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு வாரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது.

ஆனால் அந்த எண்பதுக்கு மிச்சமாக இருபது என்று ஒன்று இருக்கிறது. மெதுவோட்டத்தை ஒரு விரதம் போல ஆக்கிக்கொண்டு, வேகமாக ஓடவே மாட்டேன் என்று இருந்தால் கால்கள் ஒரே தாளத்துக்குப் பழகி மந்தமாகிவிடும்; வயது ஏற ஏறத் துரிதமாக இயங்கும் தசைநார்கள்தாம் முதலில் குறையும். ஆகவே முழங்கால் வலி முற்றிலும் நின்ற பிறகு, வாரத்தில் ஒரு நாள், வழக்கமான ஓட்டத்தின் முடிவில், இருபது விநாடி மட்டும் விரைவாக ஓடி, மூச்சு முழுதாகத் தணியும் வரை நடந்து, மறுபடி ஓடுங்கள். நான்கைந்து முறை போதும். இதில் மூச்சு நெடுநேரம் வாங்காது. சிறு பிள்ளை தெருவில் ஓடுவது போன்ற ஒரு குஷிதான் இருக்கும்.

அந்த ஒருங்கிணைப்பாளருக்காகவும் ஒரு வார்த்தை. இருட்டில் முப்பது பேரைச் சாலையில் அழைத்துப் போகிறவருக்குப் பின்தங்கி வருகிறவரைப் பற்றிய கவலை இருக்கும். நானும் ஒரு காலத்தில் அந்தப் பொறுப்பில் இருந்தேன். அவர் சொன்ன விதம் தவறு. காரணம் தவறாக இல்லாமலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

பிற்பாடு அரை மாரத்தான் எண்ணம் வந்தால், பணம் கட்டும் முன் கால வரம்பைப் படித்துவிடுங்கள். உங்கள் வேகத்தில் 21.1 கிலோமீட்டருக்கு 3 மணி 10 நிமிடம் ஆகும். மூன்று மணி நேரத்திலேயே சாலையைத் திறந்துவிடும் நிகழ்வு என்றால், கடைசிக் கிலோமீட்டரைப் பேருந்துகளுக்கு நடுவே ஓட நேரும்.

வைகைக்கரை

அக்கா, நான் மதுரை. 38 வயது, இரண்டு பிள்ளைகள், வேகம் உங்களைவிடக் குறைவு: 9.40.

ரேஸ்கோர்ஸ் அண்ணன் ஒருங்கிணைப்பாளருக்காகப் பேசியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பின்தங்குகிறவரைப் பற்றிய கவலை இருந்தால் அவரோடு ஓட ஒருவரை அனுப்பலாமே, வேறு குழுவுக்கு அனுப்புவானேன்? அது கிடக்கட்டும்.

நான் முதலில் எங்கள் தெருவில்தான் ஓட ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே பால் வாங்கி வந்த ஒரு தாத்தா, “என்னம்மா, பஸ்ஸ விட்டுட்டியா?” என்று கேட்டார். இல்லை தாத்தா, சும்மா ஓடுகிறேன் என்றேன். “சும்மா எதுக்கு ஓடணும்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிஜமாகவே நின்றார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வேகமாக ஓடியிருந்தால் அவருக்கு நான் ஒரு வீராங்கனையாகத் தெரிந்திருப்பேன். மெதுவாக ஓடுகிற பெண் ஊருக்குப் புரியாத புதிராக இருக்கிறாள். பிறகு ஒரு கல்லூரி மைதானத்துக்கு மாறினேன். அங்கே நடப்பவர்கள், ஓடுபவர்கள், ஓரமாகச் சிலம்பம் சுற்றும் பையன்கள் என எல்லோரும் இருப்பதால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

எனக்குக் கைகொடுத்தது ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோயாகி தனாகா பரப்பிய முறை. அவர் அளவுகோலாக வைத்தது புன்னகை: முகத்தில் சிரிப்பு மாறாமல், பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். நிக்கோ நிக்கோ என்பார்கள். ஜப்பானிய மொழியில் முகம் மலர்ந்து சிரிப்பதைக் குறிக்கும் சொல். இதில் வேகம் எவ்வளவு குறைந்தாலும் காலடி மட்டும் பொடிப்பொடியாக, அடிக்கடி விழ வேண்டும். நிமிடத்துக்கு 180 அடி என்பது அவர் கணக்கு. நான் முன்பு மெதுவாக ஓடுவதென்றால் எட்டி எட்டி வைத்துத் தாமதமாக ஓடுவது என்று நினைத்திருந்தேன். அப்படி எட்டி வைக்கும்போது பாதம் உடலுக்கு முன்னால் போய் விழுந்து, ஒவ்வோர் அடியும் பிரேக் போட்டது போல முழங்காலில் இடித்தது. அடியைச் சுருக்கியதும் ஓசையே குறைந்துவிட்டது. சரியாக ஓடுகிறேனா என்பதை இப்போது காதால்தான் சோதிக்கிறேன்: தப்பு தப்பு என்று கேட்டால் எட்டி வைக்கிறேன், சரசரவென்று மண் உரசும் ஒலி மட்டும் வந்தால் சரி.

180 என்று எண்ணிக்கொண்டே ஓடாதீர்கள். மணிக்கட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு மறுபடியும் ஓர் எண்ணுக்குப் பின்னால் போவானேன்.

தாம்பரம் பயணி

சுருக்கமாக ஒரு பழைய கதை. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு, 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றவர்களின் பயிற்சியாளர். அவரே ஆக்லாந்தில் நடுவயதினருக்கு மெல்லோட்டத்தையும் பழக்கினார். 1962-இன் இறுதியில் அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் பில் போவர்மன் அங்கே சென்றபோது, அந்த மெல்லோட்டக்காரர்களோடு ஓடக் கிளம்பி, ஐம்பதைக் கடந்த தம்மால் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர்தான் அவருக்காக வேகத்தைக் குறைத்துப் பேச்சுத்துணையாக வந்தார். ஊர் திரும்பிய போவர்மன் ஒரேகானில் பொதுமக்களுக்கு மெல்லோட்டம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பின்னாளில் நைக் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் அவரும் ஒருவர்.

எனக்கு இந்தக் கதையில் போவர்மனைவிட அந்த முதியவர்தான் முக்கியம். கூட ஓடுகிறவரின் மூச்சைக் கேட்டு வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவர். அப்படி ஒருவரை உங்கள் குழுவில் தேடுங்கள். முப்பது பேரில் நிச்சயம் ஒருவர் இருப்பார், 9.04-ஐப் படமெடுத்துப் போடத் தயங்கிக்கொண்டு.

கடற்கரைக் காலை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் கை தன்னிச்சையாகத் திரும்பி வெறும் மணிக்கட்டைப் பார்த்தது. மூன்றாம் நாளிலிருந்து அடியைச் சுருக்கினேன். வைகைக்கரை சொன்ன அந்தச் சரசரப்பு எனக்கும் கேட்டது, அதுவும் சாலையோரத்தில் மணல் படிந்திருக்கும் இடத்தில் நன்றாகவே கேட்கிறது. முழங்கால் வலி பெரும்பாலும் போய்விட்டது. இருபது விநாடி ஓட்டத்தை இன்னும் ஒரு மாதம் கழித்து முயல்கிறேன்.

ஒருங்கிணைப்பாளரிடம் நேரிலேயே கேட்டேன். ரேஸ்கோர்ஸ் அவர்கள் ஊகித்தது பாதி சரி: முன்பொரு முறை பின்தங்கிய ஒருவர் இருட்டில் தடுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு அந்தப் பயம் இருக்கிறதாம். நான் மற்றவர்களுக்கு இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புவதென்றும், என்னோடு இன்னொருவர் வருவதென்றும் பேசி முடித்தோம். யார் வருகிறீர்கள் என்று குழுவில் கேட்டதற்கு மூன்று பேர் கை தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் 6.25-காரர், ஆறு மாதமாகக் குதிகால் வலியோடு ஓடிக்கொண்டிருந்தாராம்.

நண்டுப் பெரியவர் இருக்கிறார். இத்தனை நாள் எங்கே போனாய் என்று அவர் கேட்டதில்தான், அவரும் என்னைக் கவனித்து வந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரிந்தது. நாயை மட்டும் காணவில்லை. அது இப்போது அஷ்டலட்சுமி கோயில் பக்கம் படுக்கிறது என்று தேநீர்க் கடைக்காரர் சொல்கிறார். நாளைக்கு வடக்கே போகாமல் அந்தப் பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறேன்.